புலி என்று கூப்பிட்ட டிரில் வாத்தியார்

வீரையா உட்கார்ந்து பார்த்தவர்கள் போடிநாயக்கனூரில் அதிகம் பேர் இல்லை. நம்பத்தகுந்த சாட்சியோடு அவர் கடைசியாக உட்கார்ந்தது தம்முடைய கல்யாண மணவறையில். அதிலும் இரண்டு முடிச்சுப் போட்ட கையோடு எழுந்து, பந்தக்கால் ஒன்று சாய்ந்து நிற்கிறதே என்று அதை நிமிர்த்தப் போய்விட்டார். மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவதுதான் வழக்கம் என்பதால் பெண் வீட்டாரால் சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

பிறந்தது பொட்டிபுரத்தில், சோளமும் துவரையும் போடுகிற குடும்பத்தில். தகப்பனார் ஏர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் நாள் மாடுகள் சாலில் படுத்துக்கொண்டன. "ஏருக்குப் பின்னால போறவன் மாட்ட முந்துனா எப்புடிடா உழுகிறது?" என்று கேட்ட தகப்பனார், மறுநாளே பையனைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டார். அங்கே மற்றப் பையன்கள் பெஞ்சியில் உட்கார்ந்து படித்ததை வீரையா ஜன்னலோரம் நின்று படித்தார். படித்து முடித்து போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் ஆனார். நிற்பதற்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் மதுரை ஜில்லாவிலேயே அது ஒன்றுதான் என்பது அவருடைய ஆராய்ச்சி.

நிற்பது மட்டும் போதுமா? பள்ளிக்கூட மணி அடித்த பிறகு அந்தக் கால்கள் எங்கே போகும்? சங்கம் தொடங்கப் போயின. நாற்பது வயதுக்குள் வீரையா எட்டுச் சங்கங்களைத் தொடங்கியிருந்தார். பஜனைச் சங்கம், முப்பத்தொரு நாள். தீயணைப்புச் சங்கம், ஊரில் எங்கும் தீப்பிடிக்காத மனவருத்தத்தில் கலைந்தது. குஸ்திச் சங்கத்துக்கு உறுப்பினர் இரண்டு பேர். முதல் குஸ்தியிலேயே இரண்டு பேருக்கும் தோள் இறங்கிவிட்டது. மரம் நடு சங்கத்தை ஆடுகள் தின்றன. போடியில் சிலர் இந்தச் சங்கங்களை வைத்துத்தான் காலம் கணித்தார்கள். "வாத்தியாரோட குஸ்தி நடந்தப்பதான எம் மக சமைஞ்சா" என்று சொல்கிற பெண்பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எட்டுச் சங்கத்துக்கும் முதல் நாளே ரப்பர் முத்திரை செய்தாகிவிட்டது. முத்திரையில் வீரையா குறை வைத்ததே இல்லை.

ஒன்பதாவதுதான் சாரணர் படை.

1922-ஆம் வருஷம் சித்திரையில் வாத்திமார்களுக்கு மதுரையில் பத்து நாள் பயிற்சி என்று கடிதம் வந்தது. மற்ற வாத்திமார்கள் வெயிலைக் காரணம் காட்டிப் பின்வாங்கினார்கள். வீரையா கடிதத்தைக் கையில் பிடித்தபடியே பஸ்சுக்கு நடந்தார். பத்தாம் நாள் திரும்பி வந்தபோது தலையில் அகலத் தொப்பி, கழுத்தில் கைக்குட்டை, மார்பில் ஊதல், முழங்காலுக்கு மேல் நின்றுவிட்ட காக்கி நிஜார். அவருடைய முழங்காலை ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

மூக்கம்மாள் வாசலிலேயே வழிமறித்தாள். மனைவி என்கிற முறையில் எட்டுச் சங்கத்தின் மிச்சங்களையும் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறவள் அவள். சமையலறையில் தீயணைப்பு வாளிகள் பதினாறு இருந்தன.

"இது என்னா வேசம்?"

"வேசம் இல்ல புள்ள. சாரணர். பயலுகளுக்கு ஒழுக்கம், தைரியம், முடிச்சுப் போடுறது, எல்லாம்..."

"முடிச்சா? நீங்களா?" என்றாள் மூக்கம்மாள். மணவறையிலிருந்து எழுந்து போனதை அவள் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் அவளுடைய அண்ணன் சோலைமலை வந்துவிட்டார். குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் நடுமலை என்ற ஏலத்தோட்டத்துக்கு அவர்தான் கங்காணி. காய் பறிக்க ஆள் கூட்டிப் போவதும், பறித்த காயை உலர்த்துகிற ஸ்டோரைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அந்த ஸ்டோரில் ஒரு தராசு. தராசுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. வருஷக்கணக்காக அந்த முக்காலியில் தங்கை புருஷனை உட்காரவைத்துவிட வேண்டும் என்பது சோலைமலையின் தணியாத ஆசை.

"இங்க பாருங்க மாப்ளே. காலையில உக்காந்தா பொழுது சாயத்தான் எந்திரிக்கணும். காய் வரும், நிறுப்பீக. காய் வரும், நிறுப்பீக. மனுசனுக்கு வேற என்ன வேணும்?"

வீரையாவுக்கு உள்ளங்கால் வியர்த்தது. தூக்குத் தண்டனைக் கைதிகூடக் கடைசியில் கொஞ்சம் நடக்க விடப்படுகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அண்ணனும் தங்கையும் பேசி ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள். தைப்பொங்கலுக்குள் இந்தச் சாரணர் படையை ஒப்புக்கொண்டு மதுரையிலிருந்து முத்திரை போட்ட காகிதம் வந்தால் வீரையா ஆயுசுக்கும் நடமாடலாம். வராவிட்டால் முக்காலி. வீரையா ஒப்புக்கொண்டார். பேச்சுவார்த்தை முழுக்க அவர் வீட்டைச் சுற்றிவந்துகொண்டிருந்ததால், ஒவ்வொரு சுற்றிலும் வாசலைக் கடக்கும்போது ஒரு வார்த்தையாகத்தான் ஒப்புக்கொண்டார்.

மதுரைக்காரர்களின் விதி எளிமையானது. இருபத்துநாலு பையன்கள், எட்டுப் பேர் கொண்ட மூன்று அணி. ஒவ்வொரு அணிக்கும் ஒரு மிருகத்தின் பெயர். அந்த மிருகத்தைப் போலச் சத்தம் போட அணியிலுள்ள ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கமிஷனர் நேரில் வந்து தலையை எண்ணிப் பார்ப்பார். எட்டுக்கு ஏழு நின்றால் அது அணி இல்லை, வெறும் கூட்டம்.

முதல் வாரத்தில் முப்பத்தொரு பையன்கள் சேர்ந்தார்கள். இரண்டாம் வாரத்தில் ஏழு பேர் கழன்றார்கள். ஜெர்மன் சண்டைக்குப் போன ஆட்கள் பஸ்ராவிலிருந்து கப்பலில் திரும்பி வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. காக்கியைப் பார்த்ததும், பையன்களைக் கப்பலேற்றத்தான் அளவெடுக்கிறார்கள் என்று கடைவீதியில் பேச்சுக் கிளம்பி மூன்று பேரைக் கொண்டுபோனது. மற்ற நாலு பேர் போனது கைகுலுக்கலில். சாரணர்கள் இடது கையால்தான் குலுக்க வேண்டும் என்பது விதி. ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகன் விதிப்படி, பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாருக்கு இடது கையை நீட்டிவிட்டான். அவன் அக்காள் கல்யாணம் ஆறு மாதம் தள்ளிப்போனது. அவனும் அவன் பங்காளிகள் மூன்று பேரும் அன்றே கழுத்துத்துணியைக் கழற்றி, வலது கையால் திருப்பிக் கொடுத்தார்கள்.

மிச்சம் இருபத்துநாலு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எல்லாரும் மலைக்குக் காய் பறிக்கப் போகிற வீட்டுப் பையன்கள். கைகுலுக்க அவர்களுக்குச் சம்பந்தி யாரும் இல்லை.

தினம் ஒரு உதவி செய்ய வேண்டும் என்பது இன்னொரு விதி. இருபத்துநாலு பையன்களுக்குத் தினம் இருபத்துநாலு உதவி தேவைப்பட்டது. போடியில் அவ்வளவு கஷ்டம் கைவசம் இல்லை. ஆப்பக்காரி ராக்கு வீட்டுத் தொட்டியில் ஒரே காலையில் பதினாலு குடம் தண்ணீர் விழுந்து அடுப்பு அணைந்தது. சந்தைப்பேட்டையில் கால் சரியில்லாத ஒரு கிழவர் இருந்தார். அவரைத் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடவும் இந்தப் பக்கம் கொண்டுவரவும் இரண்டு அணிகள் போட்டியிட்டதில், ஒரு வாரத்தில் அவர் நன்றாக நடக்கத் தொடங்கி ஊரைவிட்டே போய்விட்டார். இதை வீரையா தம் நோட்டில் மருத்துவ உதவி என்று பதிந்துகொண்டார்.

அணிகளுக்குப் பெயர் வைத்தது தனிக் கதை. புத்தகத்தில் ஓநாய், கங்காரு என்று என்னென்னவோ இருந்தன. கங்காரு எப்படிக் கத்தும் என்று வீரையாவுக்கும் தெரியாது, பையன்களுக்கும் தெரியாது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மலையில் இருப்பதை வைத்துவிடுவோம் என்று தீர்மானித்தார். புலி அணி, யானை அணி, கரடி அணி. புலி அணிக்குத் தலைவன் சுருளி. பதின்மூன்று வயது, அரைப்படி அரிசி எடைகூட இருக்கமாட்டான், ஆனால் அவன் உறுமினால் சந்தைப்பேட்டை ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. மதுரையிலிருந்து கடிதம் இல்லை. வீரையா தபாலாபீசுக்குப் போகிற பாதையில் புல் முளைக்கவில்லை. கடைசியில் ஐப்பசி பிறந்து நாலாம் நாள் வந்தது: ஜில்லா கமிஷனர், வக்கீல் ராஜாராம் ராவ், பதினெட்டாம் தேதி நேரில் வந்து பார்வையிடுவார்.

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வீரையா பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். மைதானத்தில் ஒரு பையன் இல்லை.

ஐப்பசியில் போடியில் எந்த மடையன் பையனைத் தேடுவான்? மலையில் காய் முற்றிவிட்டது. தாய்மார்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு, பையன்களையும் கையில் பிடித்துக்கொண்டு, அன்று விடியவே நடுமலைக்கு ஏறிவிட்டார்கள். தையில்தான் இறங்குவார்கள். எல்லோரையும் கூட்டிப் போனவர் மைத்துனர் சோலைமலை. முக்காலி அங்கிருந்து கையசைப்பதுபோல வீரையாவுக்குத் தோன்றியது.

அவர் அன்று வீட்டைப் பதினோரு முறை சுற்றினார். பன்னிரண்டாவது சுற்றில் வழி பிறந்தது. பையன்கள் மலையில் இருந்தால் படையும் மலையில் இருந்துவிட்டுப் போகட்டுமே! 'எங்கள் படை தற்சமயம் மலையில் முகாமிட்டு இயற்கையோடு பழகிவருகிறது. அவ்விடம் எழுந்தருள வேண்டும்' என்று கமிஷனருக்கு எழுதிப் போட்டார். பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக்கொடுத்தார். கொடிக்கம்பைத் தோளில் வைத்து, பதினாறாம் தேதி விடியக் குரங்கணி தாண்டி ஏறத் தொடங்கினார்.

ஏறுகிற வழியில் ஒரு எல்லைக்கல் உண்டு. காய்க்குப் போகிற சனங்கள் அதன்மேல் ஒரு கொத்துத் தழை போட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். அந்தக் கல்லைத் தாண்டிய பிறகு மலையில் இருக்கிற பெரிய உயிர்களைப் பெயர் சொல்லக் கூடாது. புலிக்குப் 'பெரியவர்'. யானைக்கு 'ஐயா'. கரடிக்குக் 'கரியன்'. பெயரைச் சொல்வது வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். அழைத்தால் வராமலிருக்க அவை மரியாதை தெரியாத பிராணிகள் அல்ல. இந்த விவரம் மலையேறுகிற சின்னக் குழந்தைக்கும் தெரியும். பொட்டிபுரத்துச் சோளக்காட்டில் வளர்ந்த வீரையாவும் எங்கோ காதில் வாங்கியிருந்தார். ஆனால் கல்லைக் கடந்தபோது கொடிக்கம்பு ஒரு கொப்பில் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்கிற அவசரத்தில் தழையும் போடவில்லை, ஞாபகமும் வைக்கவில்லை.

நடுமலையில் போய்ப் பையன்களைக் கேட்டபோது சோலைமலை மறுக்கவில்லை. தோற்கப்போகிற மாப்பிள்ளையிடம் தாராளமாக நடந்துகொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. "மூணு மணி வரைக்கும் பயலுக காய் பொறுக்கட்டும். அதுக்கப்பறம் ஒங்க கூத்த நடத்துங்க மாப்ளே" என்று ஸ்டோருக்குக் கீழே இருந்த புல்வெளியைக் காட்டினார். காட்டிய கை அப்படியே முக்காலிப் பக்கமும் ஒருமுறை போய்வந்தது.

மூன்று மணி. சரிவெங்கும் ஏலச்செடிகளுக்கு நடுவே பெண்கள் குனிந்து, தூரிலிருந்து காய் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். வீரையா புல்வெளி நடுவில் நின்று மூன்று முறை ஊதினார். பிறகு, ஆறு மாதமாகப் போடி மைதானத்தில் பழகிய அந்தக் கணீர்க் குரலில், மலை இரண்டு முறை திருப்பிச் சொல்லும்படி கூப்பிட்டார்:

"புலீ! வெரசா வா! யானை! இந்தப் பக்கம் வா! கரடீ! ஓடி வா!"

எதிரொலி ஓய்ந்தது. பையன்கள் வரவில்லை. சரிவில் குனிந்திருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். கூடைகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின.

பெண்களுக்கு முன்னால் நடந்து வந்தவள் மாயக்காள். சுருளியின் தாய். பறிப்புக்காரிகள் அவள் சொல்லைத் தட்டுவதில்லை. சோலைமலைகூட அவளைக் கேட்டுக்கொண்டுதான் வேலையை நிறுத்துவார்.

"வாத்தியாரே, என்னா காரியம் செஞ்சீக? ஒருத்தரக் கூப்புட்டா சரி. மூணு பேரையுமா கூப்புடுவாக? அதுலயும் வெரசா வரச் சொல்லி!"

"ஆத்தா, நான் பயலுகளத்தான்..."

"யாரக் கூப்புட்டீகன்னு ஒங்களுக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியுமா?"

சோலைமலை ஸ்டோரிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "மாயக்கா, வாத்தியாரு கெடக்காரு, நீ கூடைய எடு."

"எடுக்க மாட்டம் கங்காணி. நாளைக்கு விடிய எறங்குறோம். பயலுகளையும் கூட்டிக்கிட்டு எறங்குறோம். வரப்போறவுகளுக்கு நீங்களும் மாப்பிள்ளையும் எல போட்டுப் பரிமாறுங்க."

நடுப்பறிப்பில் ஆள் இறங்கினால் காய் செடியிலேயே வெடிக்கும். சோலைமலை முகம் ஏலக்காயைவிடப் பச்சையாகிவிட்டது. வீரையாவோ வேறு கணக்கில் இருந்தார். நாளை மறுநாள் கமிஷனர் வருவார். புல்வெளியில் கொடிக்கம்பு இருக்கும், ஊதல் இருக்கும், இருபத்துநாலில் ஒருவன் இருக்கமாட்டான்.

"இதுக்குப் பரிகாரமே இல்லையா ஆத்தா?" என்றார். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

மாயக்காள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்கு. ஒங்களால முடியாது."

"சொல்லு. ஓடணுமா, மலை ஏறணுமா?"

"உக்காரணும்."

விவரம் இதுதான். கூப்பிட்ட வாய் ஒரு பகல் மூடிக் கிடந்தால், கூப்பிட்டது செல்லாது. காட்டோரத்துப் பாறையில், பல்லுக்கிடையில் ஒரு இலையைக் கடித்துக்கொண்டு, உதயம் முதல் அஸ்தமனம் வரை உட்கார வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால், அந்த நிமிஷமே சனம் இறங்கிவிடும். நாளைக்கு அமாவாசை, ஆகாது. நாளை மறுநாள்தான் நாள். அதாவது பதினெட்டாம் தேதி.

பாறையின் மேல் வீரையா உட்கார்ந்த செய்தி காலையிலேயே மலை முழுக்கப் பரவி, அடுத்த தோட்டத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனது. முதல் நாழிகை தாண்டியது. இரண்டாவது நாழிகையில் அவருடைய வலது முழங்கால் தானாக ஆடத் தொடங்கியது. ஐப்பசி மலையில் அட்டைகளுக்கு விருந்துக் காலம். நிஜார் நிறுத்திய இடத்திலிருந்து காலுறை தொடங்கிய இடம் வரை அவற்றுக்குத் திறந்த மைதானம். ஒன்று ஏறியது. அதை எடுத்துப் போடலாமா என்று வீரையா கண்ணால் கேட்டார்.

"கையி ஆடலாம்" என்றாள் கீழேயிருந்து மாயக்காள். "வாயும் குண்டியுந்தான் ஆகாது."

பதினோரு மணிக்கு மட்டக்குதிரையில் ராஜாராம் ராவ் வந்து சேர்ந்தார். பருத்த தேகம், வக்கீல் குரல், அவருக்கும் அதே நிஜார். சோலைமலை அன்று ஒரு நாள் காலையிலேயே விட்டுக்கொடுத்த இருபத்துநாலு பையன்களும் புல்வெளியில் கம்போடு நேராக நிற்பதைப் பார்த்து மகிழ்ந்து, "சாரணத் தலைவர் எங்கே?" என்றார். சுருளி பாறையைக் காட்டினான். அங்கே ஒரு மனிதர் வாயில் இலையோடு விறைப்பாக மூன்று விரல் மரியாதை செய்தார்.

"விரதம் சார்" என்றான் சுருளி.

ராஜாராம் ராவ் மதத்தில் தலையிடாதவர். பார்வையிடத் தொடங்கினார்.

"உங்கள் அணியின் பெயர் என்ன?"

"பெரியவர் அணி, சார்."

"எந்தப் பெரியவர்?"

"பெரிய பெரியவரு, சார்."

"தம்பி, மிருகத்தின் பெயர் அல்லவா வைக்க வேண்டும்?"

"மிருகந்தான் சார். மேலெல்லாம் கோடு போட்டுருப்பாரு."

"சரி, அவர் எப்படிச் சத்தம் போடுவார்? போட்டுக் காட்டு."

சுருளி பதறிப்போனான். "வேணாம் சார். போட்டா வந்துருவாரு."

கமிஷனர் அடுத்த அணிக்கு நகர்ந்தார். அது ஐயா அணி என்று தெரிந்தது. எந்த ஐயா என்று கேட்டதற்கு, "மூஞ்சியில கை இருக்கும் சார்" என்று பதில் வந்தது. மூன்றாவது அணியை அவர் கேட்கவே இல்லை. கரியன் யாரென்று அவராகவே ஊகித்துக்கொண்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

பாறையில் வீரையா இலையை மென்றே தின்றுவிடுவார் போலிருந்தது. ஆறு மாதம் கற்றுக்கொடுத்த உறுமல்! ஒரே ஒரு சொல் சொன்னால் விளக்கிவிடலாம். கால் கட்டைவிரல்கள் பூட்சுக்குள் நடந்துகொண்டிருந்தன. அந்த ஒரு பகலில் அவை போடிக்கும் நடுமலைக்கும் மூன்று முறை போய்வந்திருக்கும்.

ஆனால் மற்றதிலெல்லாம் பையன்கள் பிளந்துகட்டினார்கள். இரண்டு தீக்குச்சியில் ஈர விறகைப் பற்றவைத்தார்கள். மலைக்காரப் பிள்ளைகளுக்கு அது அம்மா தினம் செய்யச் சொல்கிற வேலை. கம்பும் கோணியும் வைத்து டோலி கட்டி, சோலைமலையை அதில் ஏற்றிப் புல்வெளியைச் சுற்றி வந்தார்கள். முடிச்சுகளை ராஜாராம் ராவ் தம் கையால் இழுத்துப் பார்த்தார், அவிழவில்லை. மத்தியானம் இரண்டரை மணிக்கு அவர் காகிதத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார். முத்திரை ஏற்கெனவே போட்டிருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"ஒரே ஒரு சடங்கு" என்று பாறையடிக்கு வந்தார். "சாரணத் தலைவர் உறுதிமொழியை என் காது கேட்கச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது விதி. சொல்லுங்கள், மிஸ்டர் வீரையா."

சரிவில் அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். கூடைகள் இன்னும் கையில்தான் இருந்தன.

உறுதிமொழி மொத்தம் மூன்று வாக்கியம். மூச்சுவிடாமல் சொன்னால் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம். தூக்கத்தில்கூட வீரையா அதைச் சொல்வார். சொல்லியிருக்கிறார், மூக்கம்மாள் எழுப்பிவிட்டிருக்கிறாள். சொன்னால் கையெழுத்து. கையெழுத்து விழுந்தால் முக்காலி இல்லை, ஆயுசுக்கும் நடமாட்டம். ஆனால் சொன்ன நிமிஷம் கூடைகள் இறங்கும், சனம் இறங்கும், இருபத்துநாலு பேரும் இறங்குவார்கள். வாத்தியார் வாக்குத் தவறினார் என்ற பேரோடு இறங்குகிற பயல் மறுபடி எந்த மைதானத்துக்கு வருவான்? காகிதம் கையில் இருக்கும். முத்திரையும் இருக்கும். எட்டுச் சங்கத்துக்கும் முத்திரை இருந்ததே! ஆள்தான் இருந்ததில்லை. இதோ, முதல் தடவையாக எதிரே ஆள் நிற்கிறது.

"சாமி, மஞ்சு எறங்குது" என்றான் குதிரைக்காரன். "இப்பப் பொறப்பட்டாத்தான் குரங்கணி போய்ச் சேரலாம்."

"மிஸ்டர் வீரையா?"

வீரையா காகிதத்தைப் பார்த்தார். பையன்களைப் பார்த்தார். தொடையில் மூன்றாவது அட்டை குடித்து முடித்து விழுந்தது. இலையை இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டு, மூன்று விரலை உயர்த்தி, கமிஷனர் குதிரையேறி மஞ்சில் மறைகிற வரை இறக்காமல் வைத்திருந்தார். 'உறுதிமொழி பெறப்படவில்லை' என்று ராஜாராம் ராவ் தம் குறிப்பில் எழுதிக்கொண்டது வேறு யாருக்கும் தெரியாது. பேனாவை மூடிய சத்தம் மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

பொழுது சாய்ந்தது. "போதும், எந்திரிங்க" என்றாள் மாயக்காள். வீரையா எழுந்தார், கால்கள் எழவில்லை. மரத்துப்போய் அப்படியே சரிந்தவரைப் பையன்கள் தாங்கி டோலியில் போட்டார்கள். போடிக்குத் தெரிந்து அவர் படுத்த நிலையில் பேசிய ஒரே பேச்சு அதுதான். இலையைத் துப்பிவிட்டு, மூன்று வாக்கியத்தையும், மத்தியானமே சொல்லியிருக்க வேண்டிய அதே கணீர்க் குரலில், யாரும் கேட்காமலேயே சொன்னார்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் மாயக்காள். "இதக் கேக்கவா அந்த மனுசன் அம்புட்டு நேரம் நின்னாரு? நல்லாத்தான இருக்கு. எவனுக்கும் கெடுதல் இல்ல."

சோலைமலை டோலிக்குப் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார். வெற்றி வந்த பிறகு அதை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "காயிதம் போச்சு மாப்ளே. பொங்கல் வரைக்கும் வேணும்னா பாப்பம். இல்லேன்னா..."

"நாளைக்கே வர்றேன் மச்சான்."

"எங்க?"

"முக்காலிக்கு."

சோலைமலை தாம் சரியாகக் கேட்கவில்லையோ என்று தங்கை புருஷனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. கணக்கு இருந்தது. பள்ளிக்கூட லீவைத் தை வரை நீட்டிவிடலாம். படையும் தை வரை மலையில். கீழே போடியில் வெறும் மைதானம். "ஆனா ஒண்ணு" என்றார் வீரையா, டோலியில் நிமிர்ந்து. "தராச ஸ்டோருக்குள்ள வைக்காதீக. வெளிய கொண்டாங்க, புல்வெளி தெரியுற எடத்துக்கு. மூணு மணியானா தராசு நிக்கும், பயலுகள விட்டுறணும்."

"மூணு மணிக்கா? பொழுது சாயவும் நிறுத்து முடியாதே மாப்ளே!"

"நான் நிறுக்குறேன்ல."

மறுநாள் நடுமலை அதுவரை காணாததைக் கண்டது. கூடை வந்து இறங்குவதற்கு முன்னால் தராசுத் தட்டு அதை எதிர்கொண்டது. பெண்கள் மூச்சுவாங்குவதற்குள் அடுத்த கூடை என்றார் வீரையா. இரண்டே முக்காலுக்குத் தரையில் ஒரு கூடை மிச்சமில்லை. மூன்று அடிக்கிறபோது ஊதல் ஊதியது. பிறகு வாய் திறக்காமல், பெயர் சொல்லாமல், விரலால் மட்டும் சைகை காட்டினார்; மூன்று அணிகளும் புல்வெளியில் வந்து நின்றன.

வீரையா எண்ணினார். எட்டு. எட்டு. ஏழு.

சுருளி அணியில் ஒருவன் மலைக்காய்ச்சலில் படுத்துவிட்டான். ஏழு பேர் நின்றால் அது அணி இல்லை. வீரையா இன்னொரு முறை எண்ணினார், ஏழுதான். கலைந்து போகச் சொல்ல வாயெடுத்தபோது, தராசடியில் முந்தானையை உதறிக்கொண்டிருந்த மாயக்காள் நடந்து வந்தாள்.

"எட்டு இல்லாட்டி ஆகாதாமே. எம் மகன் அழுகுறான். அந்தப் பய தேறி வர்ற வரைக்கும் நான் நிக்கட்டுமா வாத்தியாரே?"

வீரையா சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பறிப்புக்காரத் தாய்மார்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கூடாது என்றும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு, வரிசையின் கடைசியைக் காட்டினார். மாயக்காள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகனிடமிருந்து ஒரு கம்பை வாங்கி, நேராக நின்றாள்.

"எண்ணுங்க" என்றாள்.